தளவாய்க்கு ரத்தம் கொதித்த கதை

வெள்ளைத்தேரியில் யாரைக் கேட்டாலும் அந்த நாலு அண்ணன் தம்பிகளைப் பற்றி நல்ல விதமாகத்தான் சொல்வார்கள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஒருத்தர் வம்புக்கும் போவது கிடையாது. யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். ஊருக்கு அவர்களால் வந்த கஷ்டமெல்லாம் இந்தக் கடைசிக் குணத்தால் வந்ததுதான்.

மூத்தவர் தளவாய். அவருக்கு அடுத்து கொம்பையா, அனஞ்சபெருமாள், கடைக்குட்டி வண்டிமலை. கடலோரத்தில் நாலு பேருக்கும் பொதுவாகக் கொஞ்சம் உப்புப் பாத்திகள் உண்டு. விளைந்த உப்பை வாரிக் கரையில் குவித்து வைப்பார்கள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு தடவை லாரி டிரைவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, "பின்னால பார்த்துச் சொல்லுங்கப்பா" என்று குரல் கொடுத்தார். தம்பிகள் மூன்று பேரும் பின்னால் பார்த்துச் சொன்னார்கள்.

"வாய்க்கால் இருக்கு" என்றான் கொம்பையா.

"அதுல ரெண்டு கொக்கு நிக்குது" என்றான் அனஞ்சபெருமாள்.

"ஒரு கொக்கு பறந்துட்டு" என்றான் வண்டிமலை. அவன் "ரெண்டாவதும் பறந்துட்டு" என்று சொல்லி முடிக்கும்போது லாரியின் பின்சக்கரம் கொக்கு நின்ற இடத்தில் இருந்தது.

நாலு பேரில் கல்யாணமானவர் தளவாய் மட்டும்தான். அவர் மனைவி பூரணம் அந்த வீட்டிலேயே புத்திசாலி. எந்தக் குழப்பம் வந்தாலும் கடைசியில் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவளும் யோசித்து ஒரு வழி சொல்வாள். குழப்பம் அதற்குப் பிறகுதான் முழுசாகும்.

ஒரு நாள் காலையில் உப்பு வாரிக்கொண்டிருந்த தளவாய் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறது என்றார்.

"எந்தப் பக்கமா சுத்துதுண்ணே?" என்று கேட்டான் கொம்பையா.

தளவாய் கண்ணை மூடிக் கவனித்துப் பார்த்தார். "வலப்பக்கமா" என்றார்.

"அப்ப நாம இடப்பக்கமா சுத்திவிட்டா நேராயிரும்" என்றான் வண்டிமலை. மூன்று பேரும் அண்ணனைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்து இடப்பக்கமாகச் சுற்றிவிட்டார்கள். தளவாய் காலையில் குடித்த கஞ்சியை வாய்க்காலில் கக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இப்போது இரண்டு பக்கமும் சுற்றுகிறது என்றார். அதற்கு மேல் தாமதிக்கக் கூடாது என்று அவரை மெயின்ரோட்டில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

அங்கே டாக்டர் எஸ்தர் அவர் புஜத்தில் ஒரு பட்டையைச் சுற்றி, கையிலிருந்த பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார். முள் நின்ற இடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். இறக்கிவிட்டு இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். அப்புறம் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். மத்தியானம் நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்குங்க. மேல நூத்தி எண்பது, கீழ நூத்திப் பத்து. அதோட, உங்களுக்குக் கொழுப்பும் ரொம்ப அதிகம்."

தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தளவாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை அப்படியே விட்டுட்டா கொழுப்பு ரத்தக் குழாய்க்குள்ள படிஞ்சு குழாய் குறுகிப் போயிரும். அதுல இவ்வளவு வேகத்தோட ரத்தம் போனா எங்கயாவது அடைச்சுக்கும். இல்லைன்னா மூளையில குழாய் வெடிச்சிரும். உங்களுக்குத் தலைசுத்தல் வந்து காட்டிக் கொடுத்துச்சு. பாதிப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது, திடீர்னு விழுந்துருவாங்க. ஆனா பயப்பட வேண்டாம், சரி பண்ணிரலாம். சாப்பாட்டுக்கு முன்னாடி தினமும் ஒரு மாத்திரை. உப்பைப் பாதியாக் குறைக்கணும். காலையில எந்திரிச்சு நடக்கணும், கையை வீசி, நடுவுல நிக்காம. மனசை அலட்டிக்கிற மாதிரி எதுவும் அவர் காதுல விழக் கூடாது, சந்தோஷமா வச்சுக்கோங்க. மாசம் ஒண்ணு கழிச்சு வாங்க. இடையில நர்ஸ் உங்க ஊருக்கு வருவாங்க. நான் சொன்னதெல்லாம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார்கள் நாலு பேரும். டாக்டரம்மா அந்தப் பக்கத்துக்குப் புதுசு. அதனால் நிம்மதியாக அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலை" என்றான் அனஞ்சபெருமாள். "அண்ணன் உள்ள போகும்போது அவருக்கு பிரஷர் இருந்துச்சா?"

"யாருக்குத் தெரியும்?"

"அந்தம்மா காத்தடிச்ச பிறகுதான பிரஷர்னு சொன்னாங்க. ரெண்டு தரம் அடிச்சாங்க. ரெண்டு தரம் காத்தடிச்சா சைக்கிள் டியூபுக்கே பிரஷர் ஏறிரும். மனுசனுக்கு ஏறாதா?"

மற்ற இருவருக்கும் இது நியாயமாகப் பட்டது. டாக்டரம்மா மேல் குறை சொல்லவில்லை, வேலை அவசரத்தில் அடித்த காற்றைப் பிடுங்கிவிட மறந்திருப்பார் என்று கொம்பையா பெருந்தன்மையாகச் சொன்னான். மறுபடி உள்ளே போய் அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று எதிரே இருந்த சைக்கிள் கடைக்கு அண்ணனை அழைத்துப் போனார்கள்.

சைக்கிள் கடைக்காரர் தளவாயின் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். முன்னாலும் பின்னாலும் தடவிப் பார்த்தார். காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தார்.

"வால்வு இல்லையே" என்றார். "இது டியூப்லெஸ். நம்மகிட்ட இதுக்குச் சாமான் கிடையாது."

தளவாய் காற்றோடேயே வீடு வந்து சேர்ந்தார்.

பூரணம் எல்லாவற்றையும் கேட்டாள். ரத்தக் கொதிப்பு என்றதும் எழுந்து வந்து புருஷன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வெளியில சுடலை" என்றாள். "உள்ளதான் கொதிக்குது. கொதிக்கிற சட்டியை என்ன செய்வோம்? இறக்கி வைப்போம். இவரை ஏன் இன்னும் கட்டில்ல உக்கார வச்சிருக்கீங்க?"

கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் உட்காரவைத்தார்கள். தளவாயும் கொஞ்சம் ஆறின மாதிரி இருக்கிறது என்றார்.

"வெடிக்கும்னு வேற சொன்னாங்க மைனி" என்றான் வண்டிமலை.

வண்டிமலை முன்பு கல் குவாரியில் வேலை பார்த்தவன். வெடி வைக்கிற இடத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு மனப்பாடம். வீடுகளுக்கு நடுவில் வைத்திருக்கக் கூடாது, பொட்டலில் கொண்டு போய் வைக்க வேண்டும், சுற்றிச் சிவப்புக் கொடி நட வேண்டும் என்றான். பூரணத்தின் சிவப்பு ரவிக்கைத் துணி இரண்டு கொடியானது. கோவில் பொட்டலில் ஒரு பாயை விரித்து, தளவாயை அதன் நடுவில் உட்காரவைத்து, கொடிகளை நட்டு, தம்பிகள் மூன்று பேரும் தூரத்தில் நின்று போகிறவர் வருகிறவரை மறித்தார்கள்.

தளவாய் தன்னைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. யாராவது பக்கமாக வந்தால் அவரே கையெடுத்துக் கும்பிட்டு, "கொஞ்சம் தள்ளிப் போயிருங்கய்யா, எப்பன்னு சொல்ல முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேர் சுற்றுவழியாகப் போனார்கள். ஒரு ஆடு மட்டும் சொல் கேட்காமல் பாயைத் தின்ன வந்தது. அதைத் துரத்தவும் அவருக்குப் பயம், அதட்டினால் அந்த வேகத்தில் வெடித்துவிட்டால் ஆடு என்னாவது?

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பூரணம் சோற்றுச் சட்டியோடு கொடியைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ இங்க இருக்காதே பூரணம்."

"இருக்கட்டும். ஆனா வெடிக்கிறதுக்கு முன்னால சொல்லிருங்க, சட்டியை மூடி வைக்கணும்" என்று சோற்றைப் போட்டாள்.

சாப்பாடு என்றதும் மாத்திரை ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னாடி என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். அனஞ்சபெருமாள் கொடிக்கு வெளியிலிருந்தே கவனமாக வழி சொன்னான். பூரணம் தட்டுக்கு முன்னாடி, நட்ட நடுவில், ஒரு மாத்திரையை வைத்தாள். தளவாய் மாத்திரையைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார். கை கழுவியதும் பூரணம் மாத்திரையைத் துடைத்து எடுத்து வைத்தாள்.

"சாப்பாட்டுக்குப் பின்னாடி வைக்கிறவங்களும் இருக்காங்க. அது வேற வியாதி" என்றான் கொம்பையா.

அன்று சாயங்காலம் வரை வெடிக்காததால், வெடி நமுத்துப் போயிருக்கும் என்று வண்டிமலை தீர்ப்புச் சொன்னான். தளவாயை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தளவாயை வாட்டியது வேறு விஷயம். உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப அதிகம் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொன்ன சொல் அவர் மனசில் தைத்துவிட்டது. நாம் யாரை எடுத்தெறிந்து பேசினோம், எவரை மதிக்காமல் நடந்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. தம்பிகளைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க. எனக்குக் கொழுப்பா?"

கொம்பையாதான் முதலில் வாயைத் திறந்தான். "ஒரு தரம் மைனி உங்களைக் கூப்பிட்டப்ப, என்னன்னு கேட்டீங்க."

"அதுல என்ன?"

"என்னம்மான்னு கேட்டிருக்கலாம்."

"பஸ்ஸில ஜன்னலோரம் உக்காந்துதான் வருவீங்க" என்றான் வண்டிமலை.

"ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்கண்ணே" என்றான் அனஞ்சபெருமாள் வருத்தத்தோடு. "வாயில வராட்டாலும் ரத்தத்தில இருக்கும்போல."

மறுநாளிலிருந்து தளவாய் கொழுப்பைக் குறைக்க ஆரம்பித்தார். தெருவில் எதிர்ப்படுகிற எல்லாரிடமும், "தெரியாம ஏதும் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க" என்று தாழ்மையாகச் சொன்னார். டீக்கடையில் பெஞ்சில் உட்காராமல் ஓரமாக நின்றார். கொடுத்த டீயில் சர்க்கரை இல்லை என்றாலும், "என் தகுதிக்கு இதுவே அதிகம்" என்று குடித்தார். அன்றைக்குப் பாயைத் தின்ன வந்த ஆட்டைத் தேடிப் போய் அதனிடமும் மன்னிப்புக் கேட்டார். ஊரில் இரண்டு பேர், பழைய வாய்த்தகராறு எதையோ மறந்தே போயிருந்தவர்கள், அவர் மன்னிப்புக் கேட்டதால் ஞாபகம் வந்து அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்கிடையில் உப்பு விவகாரம் பாக்கி இருந்தது.

பாத்திக்கரையில் அந்தக் கோடை முழுக்க வாரின உப்பு வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதன் முன்னால் நாலு பேரும் நின்றார்கள். உப்பைப் பாதியாகக் குறைக்கணும் என்றால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளைத்தேரியில் இவர்களிடம் இருக்கிற அளவுக்கு உப்பு வேறு எந்த வீட்டிலும் கிடையாது, டாக்டரம்மா இவர்களைப் பார்த்துச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

"எந்தப் பாதியை எடுக்கிறது?" என்று கேட்டான் வண்டிமலை. "மேல் பாதியா, கீழ்ப் பாதியா?"

நல்ல கேள்வி. கீழ்ப் பாதியை எடுத்தால் மேல் பாதி கீழே இறங்கிவிடும், பிறகு அதுதான் கீழ்ப் பாதி, அதையும் எடுக்க வேண்டி வரும் என்றான் கொம்பையா. அப்படியானால் வேலை முடியவே முடியாது.

"டாக்டரம்மாதான் சொல்லிட்டாங்களே" என்றான் அனஞ்சபெருமாள். "மேல நூத்தி எண்பது, கீழ நூத்திப் பத்து. மேலதான் கூட. மேலயே எடுப்போம்."

எடுத்ததை எங்கே போடுவது என்பதில் குழப்பமே இல்லை. கடலிலிருந்து வந்தது, கடலில் போய்ச் சேர வேண்டியதுதான். கூடை கூடையாகச் சுமந்து போய் அலையில் கொட்டினார்கள். நோயாளியான தளவாயும் சும்மா இருக்கவில்லை, உட்கார்ந்திருந்தால் அதுவும் கொழுப்பில் சேரும் என்று அவரும் சுமந்தார். வெயிலில் நாலு பேரும் வேர்த்து ஊற்ற ஊற்ற, குவியல் மெதுவாகத் தாழ்ந்து ஆள் உயரத்துக்கு வந்தது.

"மீனுக்கு ஒத்துக்கிடுமா?" என்று தளவாய் கவலைப்பட்டார்.

"மீன் ஓடியாடித் திரியுதுல்லா. அதுக்கு ஒண்ணும் செய்யாது" என்றான் கொம்பையா.

அந்த நேரம் பார்த்து உப்பு ஏற்ற லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் குவியலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். தம்பிகள் கையிலிருந்த வெறுங்கூடைகளைப் பார்த்தார்.

"மீதி உப்பு எங்கப்பா?"

"குறைச்சுட்டோம்" என்றான் வண்டிமலை.

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"யாருக்கும் கொடுக்கலை. எடுத்த இடத்திலயே வச்சுட்டோம்."

டிரைவருக்கு விஷயம் விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் சிவந்து, கையை ஓங்கி, வாய்க்கு வந்தபடி கத்தத் தொடங்கினார். கொம்பையா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, எவ்வளவு வேணும்னாலும் வையுங்க. ஆனா சிரிச்சுக்கிட்டே வையுங்க. எங்க அண்ணன் மனசை அலட்டிக்கக் கூடாது."

டிரைவர் தளவாயைப் பார்த்தார். தளவாய் இரண்டு கையையும் கூப்பி, தன் கொழுப்புக்காக மன்னிப்புக் கேட்டார். டிரைவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வண்டிமலை ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சிவப்புக் கொடிகளை எடுத்துவந்து அவரைச் சுற்றி நட்டான்.

வருஷ வருமானத்தில் பாதி அலையோடு போய்விட்டது என்று தெரிந்தபோது பூரணத்துக்கு அழுகை வந்தது. ஆனால் புருஷன் முன்னால் அழக் கூடாது. அதனால் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு, வெளியே வந்து சிரித்த முகத்தோடு, "நமக்குப் பாதி உப்பு போச்சு, எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க" என்றாள். தளவாய் அவள் கண்ணையே பார்த்தார். பிறகு, "வீட்டில வெங்காயம் உரிச்சியோ?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அப்படியானால் இன்றைக்குக் குழம்பு நன்றாக இருக்கும் என்று அவரும் சந்தோஷமாக இருந்தார். குவியலோடு வீட்டு உப்பு ஜாடியையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். மிச்சமிருந்த பாதியும் தீர்ந்து போய்விடக் கூடாதே என்று பூரணம் கிள்ளிக் கிள்ளித்தான் போட்டாள். குழம்பு சப்பென்று இருந்தது. டாக்டரம்மா சொன்னபடி எல்லாரும் சந்தோஷமாகவே சாப்பிட்டார்கள்.

நர்ஸ் தங்கபுஷ்பம் வந்த அன்று தளவாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்கு முன்னாடி மாத்திரை இருந்தது. நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக் கோழி வந்து அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கோழி முற்றத்தில் காலை மடக்கி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. பருந்தின் நிழல் மேலே ஓடியபோதுகூட அது கவலைப்படவில்லை.

"இதுவரைக்கும் எத்தனை மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டார் நர்ஸ்.

"சாப்பிடணுமா?" என்றாள் பூரணம்.

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றி விழுங்க வேண்டும் என்று சொல்லி, அப்போதே செய்து காட்டச் சொன்னார். தளவாய் விழுங்கிக் காட்டினார். ஒரு நாளும் விடக் கூடாது, நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, "நடக்கிறாரா?" என்று கேட்டார்.

நடப்பதை எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் தளவாய் புறப்பட்டார். கையை வீசி, நடுவில் நிற்காமல், வாசலில் இறங்கி நேராக நடந்தார். தெருவைத் தாண்டினார். மெயின்ரோட்டைப் பிடித்தார். பூரணம் வாசலில் நின்று அவர் முதுகு கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துவிட்டு, பெருமையோடு உள்ளே போய்க் கஞ்சி வைத்தாள்.

கஞ்சி ஆறியது. வெயில் ஏறியது. மத்தியானச் சோறும் ஆறியது. தளவாய் வரவில்லை. அப்போதுதான் பூரணத்துக்குப் பயம் வந்தது. டாக்டரம்மா சொன்ன மாதிரி எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ என்று நினைத்ததும் அழுகை வந்தது. இப்போது பக்கத்தில் புருஷன் இல்லாததால் வாய்விட்டே அழுதாள். தம்பிகளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ் பிடித்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டே போனார்கள். "கையை வீசிக்கிட்டு ஒருத்தர் போனாரா?" என்று கேட்டால், எல்லா ஊரிலும் போனார் என்றுதான் சொன்னார்கள். ஒரு ஊரில் அவருக்கு மோர் கொடுத்ததாகவும், நிற்காமல் நடந்துகொண்டே குடித்ததாகவும், செம்பைத் திருப்பி வாங்க ஒருவர் கூடவே ஓட வேண்டியிருந்ததாகவும் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு ரயில்வே கேட் அருகே அவரைக் கண்டுபிடித்தார்கள். கேட் மூடியிருந்தது. முன்னால் போக வழியில்லை, நிற்கவும் கூடாது. தளவாய் கேட் கம்பிக்கு எதிரே நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் லாரிக்காரர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பூரணம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். கை வீசிக்கொண்டே இருந்ததால் அவள் கையும் சேர்ந்து வீசியது.

"ஏங்க, வீட்டுக்கு வராம எங்க போறீங்க?"

"எனக்கும் வரணும்னுதான் இருந்துச்சு" என்றார் தளவாய். "நடக்கத்தான் சொன்னாங்க பூரணம். திரும்பச் சொல்லலையே."

உண்மைதான். நிற்கச் சொல்லலாம் என்றால் அதற்கும் டாக்டரம்மா தடை போட்டிருக்கிறார். தம்பிகள் மூன்று பேரும் பூரணத்தின் முகத்தைப் பார்த்தார்கள். பூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அவர் இரண்டு தோளையும் பிடித்து, நடக்க நடக்கவே மெதுவாக ஊர்ப்பக்கம் பார்த்துத் திருப்பிவிட்டாள். தளவாய் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கினார். பஸ்ஸில் ஏற்ற முடியாது, பஸ்ஸில் உட்கார வேண்டும். எனவே ஐந்து பேரும் நடந்தே வந்தார்கள்.

அன்று முதல் தினமும் காலையில் ஒரு தம்பி அவர் கூடப் போவது என்று ஏற்பாடானது. பாலம் வந்ததும் அவரைத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முறை வைத்துச் செய்தார்கள்.

டாக்டரம்மா சொன்ன மாசம் இப்படியே ஓடி முடிந்தது. மாத்திரை வயிற்றுக்குள் போனது. குழம்பு சப்பென்றே இருந்தது. பாலம் வரை போய் வந்ததில் தளவாயின் தொந்தி வற்றியது. ஊர் முழுக்கப் பணிந்து பேசியதில் அவருக்குச் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கோழிகூட நல்ல தேகசுகத்தோடு இருந்தது.

சொன்ன நாளில் ஐந்து பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். டாக்டரம்மா தளவாயை ஸ்டூலில் உட்காரவைத்து, வலது கையை மேசை மேல் நீட்டச் சொல்லிப் பட்டையைச் சுற்றினார். காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நூத்தி இருபத்தஞ்சு, எண்பது. இவ்வளவு நல்லா வரும்னு நான் எதிர்பார்க்கவே இல்லை. நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கீங்க."

"ஒண்ணு விடலை" என்றான் கொம்பையா.

"இதை இப்படியே வச்சுக்கோங்க. ஏறவும் விடக் கூடாது, இறங்கவும் விடக் கூடாது. இப்ப எப்படி இருக்காரோ, அப்படியே இருக்கணும்."

பக்கத்து அறையில் ஒரு குழந்தை வீறிட்டது. டாக்டரம்மா எழுந்து அங்கே போனார்.

தளவாய் ஏதோ கேட்பதற்காக அப்போதுதான் வாயைத் திறந்திருந்தார்.

"அசையாதீங்க" என்றாள் பூரணம். "கையை எடுக்காதீங்க. அப்படியே இருக்கணுமாம்."

"வாயி?" என்று கேட்டான் வண்டிமலை.

பூரணம் யோசித்தாள். "வாயும்தான்" என்றாள்.

ஸ்டூலோடு சேர்த்து மூன்று தம்பிகளும் அண்ணனைத் தூக்கினார்கள். நீட்டிய கை தாழ்ந்துவிடாமல் பூரணம் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா திரும்பி வந்து ஸ்டூலைத் தேடியபோது அவர்கள் வாசலைத் தாண்டி மெயின்ரோட்டில் வெள்ளைத்தேரியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள்.

பின்னால் வந்த பஸ், நீட்டிய கையைப் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் திறந்து, "ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க" என்றார்.

"ஏறக் கூடாது" என்றான் கொம்பையா. "டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க. இறங்கவும் கூடாது."

"ஏறலைன்னா எதுக்குய்யா கை காட்டுறீங்க?" என்றார் டிரைவர்.

"இப்படி வச்சிருந்தாத்தான் பிரஷர் சரியா இருக்கும். இப்பதான் மிசின்ல பார்த்துட்டு வாரோம். வாயைக் கொஞ்சம் திறந்து வச்சுக்கணும், அதையும் சொல்லிட்டோம்" என்றான் கொம்பையா.

டிரைவர் சற்று நேரம் தளவாயையே பார்த்தார். தன் பின்கழுத்தைத் தடவிவிட்டுக்கொண்டார். "எனக்கும் நூத்தி அறுபது இருக்குன்னு சொன்னாங்க" என்றார் மெதுவாக. அவருக்குப் பின்னால் இருந்த பெரியவர், தனக்கு நூற்று எழுபது என்றார். ஒரு அம்மா, தன் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது, அவர் வரவில்லை, அவருக்காகத் தான் நீட்டலாமா என்று கேட்டாள். நீட்டலாம் என்றான் அனஞ்சபெருமாள்.

பஸ் புறப்பட்டுப் போனது. டிரைவர் உட்பட எல்லாரும் வாயைப் பாதி திறந்துகொண்டு, ஜன்னலுக்கு ஒரு கையாக வெளியே நீட்டியிருந்தார்கள். எதிரே வந்த பஸ்காரர், இத்தனை பேர் கை காட்டுகிறார்களே என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, எல்லாரும் ஏறட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.